இரவு ஏழரை மணி ஆட்டம்

2022 டிசம்பர் 6. திருவண்ணாமலையில் அன்று கார்த்திகை தீபம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றியாகிவிட்டது. எட்டரை மணிக்குக் கத்தாரில் மொராக்கோவும் ஸ்பெயினும் மோதும் உலகக் கோப்பை ஆட்டம். ரமணாசிரமத்தை ஒட்டிப் போகும் செங்கம் சாலை முழுக்கக் கிரிவலக் கூட்டம். வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களுக்குச் சோறு போட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "கொஞ்ச நேரம் கூட்டத்தைப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லிக் கிளம்பினேன். ஒரு கடைப்படியில் உட்கார்ந்து கைபேசியில் ஆட்டத்தைப் போட்டேன். அத்தனை கூட்டத்தில் இணையம் திணறியது. படம் நின்று நின்று வந்தது.

அன்று கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓடாது. சும்மா நின்றிருந்த ஓட்டுநர்கள் இரண்டு பேர் என் கைபேசியை எட்டிப் பார்த்தார்கள். அவர்களோடு பதினாறு, பதினேழு வயதில் ஒரு பையனும் இருந்தான். மூத்தவர் கேட்டார்: "ஏங்க்கா, ஃபுட்பாலா பாக்குறீங்க? ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியுமா?"

சொன்னேன். பந்து உதைக்கப்படும் அந்த நொடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசியிலிருந்து இரண்டாவதாக நிற்கும் எதிராளியையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் ஒருவர் நின்றால் அது ஆஃப்சைடு. கையால் காற்றில் கோடு போட்டுக் காட்டினேன். அவர் தலையாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பையனும் உட்கார்ந்தான். அவனிடம் யாரும் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்கவில்லை.

முப்பது வருடங்களுக்கு மேலாகக் கால்பந்து பார்க்கிறேன். இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பார்கள் என்று கணக்கில்லை. ஆண் கால்பந்து பார்த்தால் அவன் ரசிகன். பெண் பார்த்தால் அவளுக்கு முதலில் ஒரு தேர்வு. ஆனால் எனக்குக் கடினமாக இருந்தது அந்தத் தேர்வு அல்ல. நேரம்தான். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நான் எங்கே இருந்தேன், எந்த வேலையில் இருந்தேன் என்பதுதான் என் ரசிக வாழ்க்கையின் வரலாறு. கொஞ்சம் படித்துப் பார்த்தபோது, உலகமெங்கும் பெண்களின் கால்பந்து வரலாறும் அதுதான் என்று தெரிந்தது. திடல் யாருடையது, மாலைப்பொழுது யாருடையது என்ற வழக்கு அது.

தங்கக்கையும் தங்கையும்

எங்கள் பகுதிக்கும் கால்பந்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. ரமணர் சிறுவனாக, வேங்கடராமனாக, மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது கால்பந்து ஆடினார். குஸ்தியிலும் நீச்சலிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. அவர் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் அந்தப் பக்கம்தான் ஜெயிக்குமாம். அதனால் கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் 'தங்கக்கை'. காலால் ஆடும் ஆட்டத்தில் பெற்ற பெயர் கையைப் பற்றியதாக இருப்பது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவைக்கும். மிஷன் பள்ளிகள் வழியாகக் கால்பந்து தமிழ்நாட்டு நகரங்களுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. 1896 செப்டம்பர் 1 அன்று, தன் பதினாறாவது வயதில், அவர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

அவருக்கு அலமேலு என்று ஒரு தங்கை. அவள் சிறுமியாக என்ன விளையாடினாள்? நான் படித்த வரலாறுகளில் அது இல்லை. அண்ணனின் பந்தாட்டத்துக்கு வரலாற்றில் ஒரு பத்தி கிடைத்தது. தங்கையின் விளையாட்டை யாரும் கவனிக்கவில்லை. இது அந்தக் குடும்பத்தின் குற்றமல்ல. அந்தக் காலத்து எல்லா வீடுகளும் அப்படித்தான் இருந்தன.

மதுரையில் வேங்கடராமன் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த அதே காலத்தில், 1895 மார்ச் 23 அன்று, லண்டனின் க்ரௌச் எண்டில் பெண்களின் இரு அணிகள் கால்பந்து ஆடின. 'பிரிட்டிஷ் லேடீஸ் ஃபுட்பால் கிளப்' என்ற அந்தச் சங்கத்தை நெட்டி ஹனிபால் என்ற பெயரில் இயங்கிய ஒரு பெண் தொடங்கியிருந்தார். எழுத்தாளரும் பெண்ணுரிமைக்குக் குரல் கொடுத்தவருமான ஃப்ளோரன்ஸ் டிக்ஸி தலைவர். சுமார் பத்தாயிரம் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பல பத்திரிகைகள் ஆட்டத்தைவிட ஆடையைப் பற்றித்தான் அதிகம் எழுதின. பாவாடைக்குப் பதில் நிக்கர்பாக்கர் போட்டு ஓடியது அவர்களுக்குச் செய்தியாக இருந்தது.

மறுபடி நம் ஊருக்கே வருகிறேன். ரமணரின் தாய் அழகம்மாள் 1916இல் மகனோடு தங்க இங்கே வந்தார். மலைமேல் கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். 1922 மே 19 அன்று இறந்தார். மலையடிவாரத்தில் அவரைச் சமாதி வைத்த இடத்தைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் வளர்ந்தது. ஒரு பெண்ணின் சமாதியைச் சுற்றி எழுந்த இந்த இடத்தில், ரமணர் இருந்த காலத்தில், இருட்டிய பிறகு பெண்கள் தங்க அனுமதி இல்லை. பகலெல்லாம் ஹாலில் உட்கார்ந்திருந்த பெண்கள் மாலையானதும் எழுந்து தங்கள் இருப்பிடங்களுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் சூரி நாகம்மா. குழந்தை விதவை. 1945 முதல் தன் அண்ணனுக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். அந்தக் காலத்து ஆசிரமத்தின் அன்றாடம் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அதில் பெரும்பங்கு அந்தக் கடிதங்களுடையது.

சூரி நாகம்மாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்கு ஆன்மிகம் காரணமல்ல. அவர் ஒரு பார்வையாளர். ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர். பார்த்ததை எழுதி வைத்தவர். களத்தில் நிற்பவர் மட்டும் வரலாறு ஆவதில்லை, பார்த்தவர் எழுதினால்தான் அது வரலாறு ஆகிறது. பெண்களின் கால்பந்துக்கு இந்த நாட்டில் இல்லாமல் போனது அந்தப் பார்வையாளர்தான்.

கையில் இருந்த பந்து

பெண்ணுக்கும் பந்துக்கும் தமிழில் பகையே கிடையாது. சங்கப் பாடல்களில் பெண்கள் பந்தாடுகிறார்கள், கழங்கு ஆடுகிறார்கள், ஓரை ஆடுகிறார்கள். திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி அறிமுகமாகும்போதே பந்தாடிக்கொண்டுதான் வருகிறாள். எங்கள் ஊருக்கே ஒரு சான்று உண்டு. மாணிக்கவாசகர் திருவெம்பாவையையும் திருவம்மானையையும் திருவண்ணாமலையில் பாடினார் என்பது மரபு. அம்மானை என்பது பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே பாடும் விளையாட்டு. ஒரு பெண் விளையாட்டின் பெயரில் அமைந்த பதிகம் இந்த மலையோடு இணைத்துச் சொல்லப்படுகிறது.

அப்படியென்றால் எங்கே தடை வந்தது? அம்மானையும் கழங்கும் உட்கார்ந்து ஆடுபவை, கையால் ஆடுபவை, முற்றத்திலும் திண்ணையிலும் முடிந்துவிடுபவை. வேலைக்கு நடுவில் நிறுத்தலாம், அம்மா கூப்பிட்டால் எழுந்து போகலாம். வசந்தவல்லியின் பந்தாட்டமோ பார்க்கிறவன் கண்ணுக்காக எழுதப்பட்டது. பந்து எங்கே போனது என்பதைவிட அவள் உடல் எப்படி அசைந்தது என்பதே அங்கே கவிஞனின் அக்கறை. கால்பந்து இந்த இரண்டையும் உடைக்கிறது. அதற்கு வெளி வேண்டும். தொண்ணூறு நிமிடம் யாரும் கூப்பிடக் கூடாது. கால் விரிய வேண்டும், தொடை தெரிய வேண்டும், மண்ணில் விழ வேண்டும். கடைசியில் ஜெயித்தது யார் என்று ஒரு கணக்கும் வேண்டும். பெண்ணிடமிருந்து தள்ளி வைக்கப்பட்டது பந்து அல்ல. திடலும் நேரமும்தான்.

திடலை மூடினார்கள்

இதைச் சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். முதல் உலகப் போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனபோது பெண்கள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இடைவேளைகளில் பந்து உதைத்தார்கள். பிரஸ்டன் நகரின் 'டிக், கெர்' தொழிற்சாலைப் பெண்களின் அணி நாடறிந்த அணியானது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் மேலும் பல ஆயிரம் பேர் வெளியே நின்றார்கள். வசூல் தர்ம காரியத்துக்குப் போனது.

ஓராண்டு கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல. ஆகவே சங்கத்தில் இணைந்த கிளப்புகள் தங்கள் திடல்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது. கவனியுங்கள், ஆடக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. திடலைத் தராதே என்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. நல்ல திடல் இல்லையென்றால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால் பணமும் செய்தியும் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

நம் ஊர்ப் பையன்கள் உலகக் கோப்பை வந்தால் மஞ்சள் ஜெர்ஸி போட்டுக்கொண்டு பிரேசில் கொடி கட்டுகிறார்கள். அந்த பிரேசிலில் 1941இல் ஓர் அரசாணை பெண்கள் கால்பந்து ஆடுவதைத் தடை செய்தது. 1979இல்தான் அது விலகியது. பெலே மூன்று உலகக் கோப்பைகள் வென்ற காலம் முழுதும் அவர் நாட்டுப் பெண்கள் பந்தைத் தொட்டால் சட்டவிரோதம். மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதேபோல ஒரு தடை.

பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆள் வராது என்று இன்றும் சொல்கிறார்கள். 1971இல் மெக்சிகோவில் அதிகாரபூர்வமற்ற ஒரு மகளிர் உலகக் கோப்பை நடந்தது. அஸ்டெக்கா அரங்கில் நடந்த இறுதிப் போட்டிக்குச் சுமார் 1,10,000 பேர் வந்தார்கள். டென்மார்க் 3–0 என்று மெக்சிகோவை வென்றது. மூன்று கோல்களையும் போட்டவள் சூசன் அகஸ்டசன் என்ற பதினைந்து வயதுப் பெண். ஃபிஃபா அந்தப் போட்டியை ஏற்கவில்லை. அது நடத்திய முதல் மகளிர் உலகக் கோப்பைக்கு 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் பார்சிலோனா மகளிர் அணியின் ஆட்டத்துக்குக் கேம்ப் நோ அரங்கில் 91,648 பேர் வந்தபோது உலகம் வியந்தது. ஐம்பது வருடத்துக்கு முன்பே அதைவிடப் பெரிய கூட்டம் வந்திருந்தது. நினைவில் வைக்க ஆள் இல்லாமல் போனதால் வியப்பு வந்தது.

நம் பெண்கள், நமக்குத் தெரியாத பெண்கள்

இந்தியாவில் யாரும் அரசாணை போட்டுத் தடுக்கவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டார்கள். 1975இல் மகளிர் கால்பந்துக்கெனத் தனியாக ஒரு சம்மேளனம் தொடங்கப்பட்டது. 1980 ஜனவரியில் ஆசிய மகளிர் போட்டி நம் பக்கத்துக் கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அதில் ஒன்று இறுதி வரை போய் இரண்டாமிடம் பெற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். அந்த ஆண்டு சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார்; கால்பந்துக்காக அதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆண்களின் ஆட்டத்தை நடத்திய அகில இந்தியச் சம்மேளனம் பெண்களின் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ள 1990களின் தொடக்கம் வரை ஆனது. ஆண்களுக்குத் தேசிய லீக் 1996இல் வந்தது. மகளிர் லீக் வந்தது 2016–17 பருவத்தில். இருபது ஆண்டு இடைவெளி. அந்த இருபது ஆண்டில் ஒரு பெண் ஆட வந்து, ஆடி, ஓய்வு பெற்றுவிடலாம்.

தமிழ்நாட்டுக் கதை இன்னும் நெருக்கமானது. எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்தில் கடலூர். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அங்கே இல்லங்களில் தங்கிப் படித்த பெண் பிள்ளைகள் பலருக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கால்பந்து கற்றுக்கொடுத்தார். அந்த மாவட்டத்திலிருந்து இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணிக்குப் போனார்கள். இந்துமதி தமிழ்நாடு காவல் துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கில் அவர் சென்னைத் தெருக்களில் பணியில் நின்றார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை என்பது எங்கள் மாவட்டங்களின் எளிய வீடுகளில் சின்ன விஷயமல்ல. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு பந்து?" என்று கேட்கும் வீட்டில் பேச்சை மாற்றும் ஒரே பதில் பெரும்பாலும் அதுதான்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பில், பலமுறை பட்டம் வென்ற மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என்று வென்றது. நமக்கு அதுவே முதல் பட்டம். 2019 மே மாதம் லூதியானாவில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸை 3–1 என்று வீழ்த்தி இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கியது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசியச் சாம்பியன்.

2019 மே மாதம் சேது எஃப்சி ஜெயித்தது. அதே ஆண்டு தீபாவளிக்கு 'பிகில்' வந்தது. பெண்கள் கால்பந்து அணியைப் பற்றிய படம். நானும் என் மகளும் முதல் வாரமே போய்ப் பார்த்தோம், விசிலடித்தோம், அழுதோம். தியேட்டரை விட்டு வெளியே வந்தபோது என் மகளிடம் கேட்டேன், "சேது எஃப்சி தெரியுமா?" தெரியவில்லை. அவள் தோழிகள் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் அணியை ஓர் ஆண் வந்து தூக்கி நிறுத்தும் கதை ஊருக்கெல்லாம் தெரிந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பு நம் பெண்கள் நிஜமாகவே ஜெயித்த கதை யாருக்கும் தெரியவில்லை. படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் படத்தால் பந்து கேட்ட பெண் பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். என் கோபம் என் மேல்தான். ரசிகை என்று சொல்லிக்கொண்டு, ஐரோப்பிய அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் தெரிந்த எனக்கே, 2018 வெற்றி பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தியாக வந்தபோதுதான் தெரியும்.

299 நிமிடம்

இப்போது என் கதை. 1990 உலகக் கோப்பையின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. எதிர்வீட்டில் தொலைக்காட்சி. கேமரூனும் கொலம்பியாவும் ஆடிய ஆட்டம் நம் நேரத்துக்கு இரவு எட்டரைக்குத் தொடங்கியது. தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை; கூடுதல் நேரம் போனது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. அம்மா வாசலில் நின்று கூப்பிட்டார். பாலுக்கு உறை ஊற்ற வேண்டும், பாய் விரிக்க வேண்டும். நான் எழுந்து போனேன், தம்பி இருந்தான். முப்பத்தெட்டு வயது ரோஜர் மில்லா இரண்டு கோல் போட்டதையும், கோல்கீப்பர் ஹிகிட்டாவின் காலிலிருந்து பந்தைப் பறித்ததையும், கொடிக்கம்பத்தருகே போய் ஆடியதையும் தம்பி வந்து சொல்லித்தான் கேட்டேன். அந்த இரண்டு கோல்களையும் பல வருடம் கழித்து யூடியூபில் பார்த்தபோது நான் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

நான் முதன்முதலாக ஓர் உலகக் கோப்பையை ஒழுங்காகப் பார்த்தது 2002இல். கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்ததால் ஆட்டங்கள் நமக்குப் பகலில் வந்தன. இறுதிப் போட்டி ஜூன் 30, ஞாயிறு மாலை நாலரைக்கு. ரொனால்டோ இரண்டு கோல். அதுவரை என் ஆர்வத்தை வயதுக் கோளாறு என்றார்கள், திமிர் என்றும் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மாறவில்லை. கடிகாரம்தான் மாறியிருந்தது.

இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில், பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். கால்பந்துக் கணக்கில் சொன்னால், ஆண் ஓர் ஆட்டமும் கொஞ்சம் காயத்துக்கான நேரமும் ஆடுகிறான். பெண் மூன்று ஆட்டம் முடித்து நான்காவதையும் தொடங்கிவிட்டாள். இதில் சமையலின் உச்சநேரம் மாலை ஏழு முதல் ஒன்பது. ஆட்டங்கள் தொடங்கும் நேரமும் அதுவே.

கொல்கத்தாவின் பன்னாலால், சைதாலி சாட்டர்ஜி தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1982 ஸ்பெயின் முதல் 2018 ரஷ்யா வரை பத்து உலகக் கோப்பைகளை நேரில் பார்த்தவர்கள். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணத்தில் போனார்கள். செய்திகளில் அவர் பெயர் முதலில் வரும், சைதாலியின் பெயர் பின்னால் வரும். வீட்டில் மிச்சம் பிடிப்பது யார் கையில் நடக்கும் வேலை என்று சமையல்கட்டு தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2018 கடைசியில் நானும் மகளும் சென்னை நேரு விளையாட்டரங்குக்குப் போனோம். ஐஎஸ்எல் ஆட்டம், இரவு ஏழரை மணி. அரங்கின் விளக்கொளியில் அந்தப் பச்சையைப் பார்த்ததும் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஆட்டம் முடிய ஒன்பதரை. கோயம்பேட்டில் பேருந்து பிடித்துத் திருவண்ணாமலை வந்து இறங்கியபோது மணி மூன்று. நிலையத்திலிருந்து வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் இரண்டு பெண்கள் அந்நேரம் நடக்க முடியுமா? விடியும்வரை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பௌர்ணமியாக இருந்தால் அதே மூன்று மணிக்கு அதே செங்கம் சாலையில் வெறுங்காலோடு ஆயிரக்கணக்கான பெண்கள் நடந்துகொண்டிருப்பார்கள். பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், கல்லூரிப் பெண்கள். பதினான்கு கிலோமீட்டர். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மின்விளக்கு எரியும், குடிநீர் கிடைக்கும், காவலர் நிற்பார், சிறப்புப் பேருந்து ஓடும். பெண்ணுக்கு இரவில் தெருவைத் திறந்துவிட இந்த ஊருக்குத் தெரியும். எதற்காகத் திறப்பது என்பதில்தான் கணக்கு.

இரானில் 1979 புரட்சிக்குப் பிறகு ஆண்கள் ஆடும் கால்பந்து அரங்குகளுக்குள் பெண்களை விடவில்லை. சஹர் கோதயாரி எஸ்டெக்லால் அணியின் ரசிகை. 2019 மார்ச்சில் ஆண் உடையில் அரங்குக்குள் நுழைய முயன்று பிடிபட்டார். சிறைத் தண்டனை வரலாம் என்று கேள்விப்பட்டு, செப்டம்பரில் நீதிமன்ற வாசலில் தீக்குளித்து இறந்தார். அணியின் நிறத்தை வைத்து உலகம் அவரை 'நீலப்பெண்' என்றது. அடுத்த மாதம், அக்டோபர் 10 அன்று, கம்போடியாவுடனான ஆட்டத்துக்குச் சில ஆயிரம் பெண்களுக்குத் தனிப் பகுதியில் இடம் தந்தார்கள். இரான் 14–0 என்று ஜெயித்தது. அந்தப் பதினான்கு கோல்களில் ஒன்றைக்கூட சஹர் பார்க்கவில்லை.

நம்மை யாரும் கைது செய்வதில்லை. நமக்கு வாசலில் காவலர் தேவையில்லை. வீட்டுக்குள் உலை கொதிக்கிறது, அது போதும்.

இன்னிக்கு இருப்பேன்

கத்தாரில் அந்த டிசம்பர் முழுக்க மொராக்கோ வீரர்களின் அம்மாக்கள் செய்தியில் இருந்தார்கள். ஹக்கீமி ஓடிப்போய் அம்மாவை முத்தமிட்டார். அவர் வீட்டு வேலை செய்து வளர்த்த மகன். காலிறுதியில் போர்ச்சுகலை வென்றதும் பூஃபால் தன் அம்மாவைத் திடலுக்குள் அழைத்து வந்து ஆடினார். எனக்கும் கண் கலங்கியது. கூடவே ஒரு நெருடல். ஜெயித்தவனின் அம்மாவாக வந்தால் பெண்ணுக்குத் திடலில் இடம் உண்டு. அவள் தனக்காக, தன் காலால், தன் மாலைப்பொழுதில் உள்ளே வர முடியுமா?

எங்கள் பகுதியில் சாயங்காலம் பந்து உதைக்கும் பெண் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் ஒவ்வொருத்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். பையன்கள் வண்டி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஏழு மணி வரை ஆடுகிறார்கள். திறமையில் வித்தியாசம் எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் ஒருநாள் மாலை வந்து அந்த ஒன்றரை மணி நேரத்தை எண்ணிப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது பெரிய தத்துவமல்ல. திடலில் நான்கு விளக்கு. ஒரு கழிப்பறை. வீடு வரை போகும் ஒரு பேருந்து. ஓரமாக உட்கார்ந்து பார்க்க, யார் எத்தனை கோல் போட்டாள் என்று எழுதி வைக்க, நம்மில் சிலர். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிவிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். அந்த இரண்டு நாள் இரவுச் சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு. சண்டை போட்டு வாங்கியதுதான்.

தீபத்தன்று நடந்ததைச் சொல்லி முடிக்கவில்லையே. ஆட்டம் கோல் இல்லாமல் பெனால்டிக்குப் போனது. ஸ்பெயின் மூன்று உதையையும் வீணடித்தது. இரண்டைக் கோல்கீப்பர் பூனூ தடுத்தார். கடைசியாக ஹக்கீமி பந்தை மெதுவாக நடுவில் தூக்கிப் போட்டார். 3–0. நானும் ஆட்டோக்காரரும் அந்தப் பையனும் ஒன்றாகக் கத்தினோம். கிரிவலம் போன நான்கைந்து பெண்கள் நின்று, "யாரு ஜெயிச்சது?" என்று கேட்டுவிட்டு நடந்தார்கள்.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருந்தது.

"அடுத்த ஆட்டம் எப்போக்கா?" என்றார் ஆட்டோக்காரர்.

"பன்னண்டரைக்கு. போர்ச்சுகல், சுவிட்சர்லாந்து."

"அதுவரைக்கும் இருப்பீங்களா?"

சாலையைப் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு இருப்பேன்" என்றேன்.